எதிரிக்கு நாற்காலி இல்லை: வரலாறு பேசும் கூட்டாட்டங்கள் பற்றி

1. கேள்வி

தாயமோ சதுரங்கமோ, பலகைக்கு எதிர்ப்புறம் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். அவர் தோற்றால்தான் நமக்கு வெற்றி. இந்தப் பழைய ஏற்பாட்டை மாற்றி, மேசையைச் சுற்றியிருக்கும் அனைவரும் ஒரே அணியாக நின்று, சேர்ந்தே வெல்லவோ சேர்ந்தே தோற்கவோ செய்யும் பலகை விளையாட்டுகள் கடந்த கால் நூற்றாண்டில் பெருகியிருக்கின்றன. இக்கட்டுரை அவற்றைக் 'கூட்டாட்டம்' என்று குறிப்பிடுகிறது.

கூட்டாட்டத்திலும் எதிரி உண்டு. அவனுக்கு நாற்காலி மட்டும் இல்லை. அவன் ஒரு சீட்டுக்கட்டாகவும் பகடையாகவும் பலகையின் ஓரத்தில் கிடக்கிறான். 2008இல் மேட் லீகாக் உருவாக்கிய 'பேண்டமிக்' இதற்கு எளிய உதாரணம். ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரர் நான்கு செயல்களைச் செய்கிறார். பிறகு தன் கையாலேயே சீட்டுகளைத் திருப்பி, எந்தெந்த நகரத்தில் நோய் பரவுகிறது என்று பார்த்துக் காய்களை வைக்கிறார். நோய்க்கு ஆசையோ வன்மமோ கிடையாது, வரிசை மட்டுமே உண்டு. கிருமிக்கு மனம் இல்லை என்பதால் இந்த வடிவம் அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. இதே வடிவத்தில் அமெரிக்க அடிமைமுறை, முதல் உலகப் போர், காலனியாட்சி, காலநிலை நெருக்கடி ஆகியவையும் ஆட்டங்களாகிவிட்டன. இவை எதுவும் கிருமியின் வேலையல்ல. மனிதர்கள் தெரிந்தே, லாபம் கருதியே செய்தவை. மனிதர் செய்த கொடுமையைச் சீட்டுக்கட்டு செய்வதாகக் காட்டும்போது வரலாற்றுப் புரிதலுக்குக் கிடைப்பது என்ன? நழுவிப்போவது என்ன? இக்கட்டுரை ஆராய முயல்வது இந்த ஒரு கேள்வியைத்தான்.

2. இதுவரையான புரிதல்

கூட்டாக வெல்லும் ஆட்டம் தொடக்கத்திலிருந்தே அரசியலோடு ஒட்டியதுதான். நிலவரி குறித்த ஹென்றி ஜார்ஜின் கருத்துகளைப் பரப்ப எலிசபெத் மேகி வடிவமைத்து 1904இல் காப்புரிமை பெற்ற 'தி லேண்ட்லார்ட்ஸ் கேம்' ஆட்டத்துக்கு இரண்டு விதிமுறைகள் உருவாயின. ஒன்றில் நிலத்தைக் குவித்து மற்றவரை ஓட்டாண்டியாக்கியவர் வெல்வார். மற்றதில், இருப்பவர்களிலேயே ஏழையானவரின் தொடக்கப் பணம் இரட்டிப்பானால் ஆட்டம் நிறைவுபெறும். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் வெளியிட்ட 'மொனாப்பலி' முதல் விதிமுறையை மட்டும் உலகெங்கும் கொண்டுசென்றது. இரண்டாவதைச் சந்தை மறந்துவிட்டது.

ஆய்வுலகில் மூன்று கருத்துகள் நமக்கு இங்கே உதவும். முதலாவது, கூட்டாட்டத்தின் உள்ளமைப்பு பற்றியது. ரெய்னர் நிசியாவின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (2000) ஆட்டத்தை முன்வைத்து ஹோசே சகால், யோகன் ரிக், இத்ரிஸ் ஷி ஆகியோர் 2006இல் எழுதிய கட்டுரை, தன் நலனுக்கும் அணியின் நலனுக்கும் இடையே இழுபறி இருந்தால்தான் கூட்டுழைப்புக்குப் பொருளுண்டு என்றது. இல்லையேல் விவரம் தெரிந்த ஒருவரே அனைவருக்கும் முடிவெடுத்துவிடுவார் என்றும் எச்சரித்தது.

இரண்டாவது, விதிகளின் வாதம். ஒரு நூல் வாக்கியங்களால் வாதிடுவதுபோல ஆட்டம் விதிகளால் வாதிடுகிறது என்று இயன் போகோஸ்ட் 2007இல் எழுதினார். மிகேல் சிகார்ட் 2011இல் இதை மறுத்தார். பொருளை உண்டாக்குபவர் ஆடுபவரே, விதி அவருக்குக் கட்டளையிடுவதில்லை என்பது அவர் பக்கம்.

மூன்றாவது, தி ங்குயென் 2020இல் முன்வைத்த கருத்து. ஓவியத்துக்கு வண்ணம் எப்படியோ, ஆட்டத்துக்குச் செயலாற்றல் அப்படி. ஓர் இலக்கையும் சில திறன்களையும் தந்து, 'சற்று நேரம் இவராக இரு' என்கிறது ஆட்டம். இதிலிருந்து ஒரு கேள்வி கிளைக்கிறது. வரலாற்றுப் பெட்டிக்குள் யாருடைய செயலாற்றல் வைத்து மூடப்பட்டிருக்கிறது? யாருடையது வைக்கப்படவே இல்லை? போகோஸ்டுக்கும் சிகார்ட்டுக்கும் இடையிலான வழக்கில் தீர்ப்புச் சொல்லாமலே இதைக் கேட்கலாம். ஆடுபவர் எவ்வளவுதான் சுதந்திரமாகப் பொருள் கொண்டாலும், பெட்டியில் இல்லாத நாற்காலியில் அவரால் உட்கார முடியாது.

3. தப்பியோடியவர்கள் எங்கே?

பிரையன் மேயர் வடிவமைத்து அகாடமி கேம்ஸ் வெளியிட்ட 'ஃப்ரீடம்: தி அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு' இந்தக் கேள்விக்கான முதன்மைச் சான்று. களம் 1800 முதல் 1865 வரையான அமெரிக்கா. ஒருவர் முதல் நான்கு பேர் வரை அடிமை ஒழிப்பாளர்களாக ஆடலாம். தென்மாநிலத் தோட்டங்களில் வைக்கப்பட்டிருக்கும் சிறு மரக்கட்டைகளை ஊர் ஊராக நகர்த்திக் கனடாவுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். எட்டுச் சுற்றுகளுக்குள் போதிய கட்டைகள் எல்லை கடக்க வேண்டும். அதோடு, இயக்கத்துக்கான ஆதரவு வில்லைகள் எல்லாவற்றையும் வாங்கி முடித்திருக்கவும் வேண்டும்.

இந்த இரட்டை நிபந்தனையில் ஆட்டத்தின் நேர்மை தெரிகிறது. ஆளைக் காப்பாற்றவும் பணம் வேண்டும், அரசியலை மாற்றவும் பணம் வேண்டும், பை ஒன்றுதான். இன்று நால்வரைக் காப்பாற்றினால் சட்டத்தை மாற்றும் போராட்டம் ஒரு சுற்றுப் பின்தங்கும். போராட்டத்துக்குச் செலவிட்டால் அந்த நால்வர் தோட்டத்திலேயே கிடப்பார்கள். ஒவ்வொரு சுற்றின் இறுதியிலும் அடிமைச் சந்தைச் சீட்டிலுள்ள கட்டைகள் தோட்டங்களை நிரப்ப வரும். இடமில்லாதவை 'இழந்தோர்' வரிசைக்குப் போகும். அந்த வரிசை நிரம்பினால் ஆட்டம் தோற்றது. மூலதனத்தின் பசியை இவ்வளவு சுருக்கமாகக் காட்டுவது நீண்ட உரைக்கும் கடினம்.

இனி ஒரு நகர்வை அருகிலிருந்து பார்ப்போம். பலகையில் அடிமை பிடிப்போர் ஐவர், தத்தம் நிறப் பாதையில் நிற்கிறார்கள். அந்தப் பாதை தொடும் ஊரில் ஒரு கட்டை வந்து நின்றால், அந்தப் பாதைக்குரியவன் அதை நோக்கி ஓரடி நகர்வான். கட்டை நிற்கும் இடத்தை எட்டினால் அது சந்தைக்கே திரும்பும். இரண்டு சுற்று ஆடியதும் மேசையில் ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்: "இந்த ஒன்றை இப்படி மேற்கே விடுவோம். அவன் அதன் பின்னால் போவான். மற்ற மூன்றும் வடக்கே தாண்டிவிடும்." எல்லோரும் தலையாட்டுவார்கள். கணக்குச் சரிதான். கை கட்டையை நகர்த்தும். பிறகு யாராவது ஒருவருக்குத் தாம் என்ன செய்தோம் என்று உறைக்கும். ஓர் ஆளைத் தூண்டிலில் கோத்த புழுவாக்கியிருக்கிறோம்.

இந்த உறுத்தலே ஆட்டத்தின் வெற்றி என்று வாதிடலாம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் இதை வரலாற்றெழுத்தோடு ஒப்பிட்டால் வேறொன்று தென்படும். 1898இல் வில்பர் சீபர்ட், அடிமைகள் தப்பிச் செல்ல உதவிய 'அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு' என்னும் இந்தத் தலைமறைவுப் பாதையைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதினார். முதிய அடிமை ஒழிப்பாளர்களின் நினைவுகளைக் கடிதங்கள் வழியே திரட்டியது அவருடைய முறை. உதவியவர்களைக் கேட்டு எழுதிய வரலாற்றில் உதவியவர்களே நாயகர்கள் ஆனார்கள். நன்கு திட்டமிட்ட வலையமைப்பும் துணிந்த வெள்ளையர்களும் முன்னால் நிற்க, தப்பியவர்கள் பயணிகளாகச் சுருங்கினர். லாரி காரா 1961இல் 'தி லிபர்டி லைன்' நூலில் இந்தச் சித்திரத்தை உடைத்தார். பெரும்பாலோர் தாமாகவே திட்டமிட்டு, பயணத்தின் மிக ஆபத்தான பகுதியைத் தாமாகவே கடந்தார்கள் என்பது அவர் வாதம். எரிக் ஃபோனர் 2015இல், நியூயார்க்கில் சிட்னி ஹோவர்ட் கே 1855–56 ஆண்டுகளில் வைத்திருந்த பதிவேட்டைக் கொண்டு இரு தரப்பையும் சமன்செய்தார். உதவும் வலைகள் உண்மையில் இருந்தன, அவற்றில் கறுப்பின மக்களின் பங்கு பெரிது, முதல் அடியை எடுத்து வைத்தவரோ தப்பியவரே.

'ஃப்ரீடம்' இந்த மூவரில் யார் பக்கம்? அதன் சீட்டுகளில் ஹேரியட் டப்மனும் ஃப்ரெடரிக் டக்ளஸும் உண்டு. இருவரும் தாமே தப்பி வந்தவர்கள். சீட்டு மட்டத்தில் ஆட்டம் ஃபோனரின் காலத்தைச் சேர்ந்தது. விதி மட்டத்திலோ அது இன்னும் சீபர்ட்டிடமே நிற்கிறது. கட்டை தானாக நகராது. புறப்படும் நாளையும் போகும் திசையையும் அது முடிவு செய்யாது, நகர்த்துபவர் கைக்காகக் காத்திருக்கும். அடிமை பிடிப்பவனைப் பகடைக்கும் விதிக்கும் விட்டதில் குறை காண முடியாது. அந்தப் பாத்திரத்தை யாரும் மகிழ்ந்து ஆட வேண்டியதில்லை. தப்பியோடுபவரையும் அதேபோலத் தானே அசையாத பொருளாக்கியது வேறு வகைத் தேர்வு.

4. துப்பாக்கி இல்லாத போர்

2015இல் வெளிவந்த பிரெஞ்சு ஆட்டம் 'லே புவாலு'. ஆங்கில உலகில் 'தி கிரிசில்ட்' என்று அறியப்படுகிறது. ஃபாபியான் ரிஃபோவும் ஹுவான் ரோத்ரிகேசும் உருவாக்கிய இதற்குப் படம் வரைந்தவர் தின்யூஸ். 2015 ஜனவரி 7 அன்று பாரிஸில் 'ஷார்லி எப்தோ' இதழ் அலுவலகத் தாக்குதலில் கொல்லப்பட்ட கேலிச்சித்திரக்காரர்களில் அவரும் ஒருவர்.

1914 ஆகஸ்டில் ஒரே ஊரிலிருந்து படைக்கு அழைக்கப்படும் நண்பர்களாக நாம் ஆடுகிறோம். விதிப் புத்தகத்தில் சுடுதல் என்றொரு செயலே இல்லை. ஜெர்மானியர் எங்கும் இல்லை. எதிர்கொள்ள வேண்டியவை ஆறு: மழை, பனி, இரவு, நச்சுவாயு, குண்டு, தாக்குதலுக்கான ஊதல். ஒரே அச்சுறுத்தல் மேசையில் மூன்று முறை விழுந்தால் அன்றைய பணி தோல்வி. கையிலுள்ள சீட்டைப் பற்றிப் பேசக் கூடாது. பின்வாங்கும்போது ஒவ்வொருவரும் ஒரு வில்லையைக் கவிழ்த்து வைக்கிறார்கள். இடப்பக்கத்தவருக்கு ஆதரவா, வலப்பக்கத்தவருக்கா என்பது அதில் இருக்கும். கடைசியில் எல்லாவற்றையும் திருப்பி எண்ணுவார்கள். அதிக ஆதரவு பெற்ற ஒருவருக்கு மட்டும் அச்சமோ மனக்காயமோ குறையும். சமமாக வந்தால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அன்பு இருந்தும் அது ஒரே ஆளிடம் போய்ச் சேராததால் வீணாகும் அந்தக் கணம், சகால் குழுவினர் கேட்ட இழுபறியை ஒரு சிறு அட்டை வில்லையில் கொண்டுவந்துவிடுகிறது.

மேசையில் இரண்டு சீட்டுக் குவியல்கள். ஒன்றின் அடியில் அமைதிப் புறா, மற்றதன் அடியில் போர் நினைவுச் சின்னம். எது முதலில் கண்ணில் படுகிறதோ அதுவே முடிவு. போரை எதிர்நாட்டான் செய்த வினையாகக் காட்டாமல் இரு பக்கத்து எளிய வீரனையும் அரைத்த இயந்திரமாகக் காட்ட, எதிரியில்லாத வடிவம் இங்கே உதவுகிறது. பிரான்ஸ் மட்டும் சுமார் 14 லட்சம் வீரர்களைப் பறிகொடுத்த போர் அது.

ஆனால் இயந்திரத்தை ஓட்டியவர்கள்? ஊதல் ஒலிக்கிறது. ஊதியவர் தெரிவதில்லை. 1917 வசந்தத்தில் தளபதி நிவேலின் தாக்குதல் பயனின்றி முடிந்தபின் பிரெஞ்சுப் படைப் பிரிவுகள் பல, மீண்டும் தாக்கப் போகமாட்டோம் என்று மறுத்தன. இந்த ஆட்டத்தின் வீரனால் பின்வாங்க முடியும், கட்டளையை மறுக்க முடியாது. மழையும் தலைமையின் கட்டளையும் ஒரே கட்டில் ஒரே மதிப்புள்ள சீட்டுகளாகக் கலக்கப்பட்டிருப்பதன் விளைவு இது.

இன்னொரு விடுபடலும் உண்டு. ஆட்டத்தின் நண்பர்கள் ஒரு பிரெஞ்சு ஊர்ச் சதுக்கத்திலிருந்து புறப்படுகிறார்கள். அந்தப் படையில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் திரட்டப்பட்டவர்கள் ஏராளம். பிரெஞ்சிந்தியாவிலிருந்தும் ஆட்கள் போனார்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே நிற்கும் போர் நினைவுச் சின்னம் அப்படிப் போய் மாண்டவர்களுக்கானது. குவியலின் அடியிலுள்ள சீட்டில் வரையப்பட்டிருக்கும் அந்தச் சின்னத்துக்கு உலகின் இந்தக் கரையிலும் ஓர் உடன்பிறப்பு உண்டு என்பது ஆட்டத்துக்குத் தெரியாது.

5. புரட்டிப் போட்ட பலகை

குடியேற்றத்தைக் கருவாகக் கொண்ட ஆட்டங்கள் பல, பூர்வகுடிகளே இல்லாத தீவில் தொடங்குபவை. கிளவுஸ் டாய்பரின் 'கட்டான்' (1995) அப்படித்தான். இதைத் தலைகீழாக்கியது எரிக் ராய்ஸின் 'ஸ்பிரிட் ஐலண்ட்' (2017). இங்கே நாம் தீவின் காவல் ஆவிகள். குடியேறிகள்தான் சீட்டுக்கட்டு.

அந்தக் கட்டின் இயக்கம் கூர்ந்து நோக்கத் தக்கது. ஒரு நிலவகையின் சீட்டு இந்தச் சுற்றில் திரும்பினால் அங்கே பயணிகள் வருவார்கள். அடுத்த சுற்றில் அதே சீட்டு ஓரிடம் நகரும், அங்கே ஊர் எழும். அதற்கடுத்த சுற்றில் மறுபடி நகரும், அந்த நிலம் சூறையாடப்படும். முதலில் வழிப்போக்கன், பிறகு வீடு, பிறகு நாசம். யாரும் தீயவராக இருக்கவே தேவையில்லை, வரிசை நகர்ந்தால் போதும். குடியேற்றம் என்பது தனிமனிதக் குணக்கேடு அன்று, கால அட்டவணை போட்டு நடக்கும் அமைப்பு என்ற வாதத்தை விதியால் சொல்ல இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. கொடுமையைச் சீட்டாக்குவது சரியான தேர்வாக அமையும் இடம் இது.

என்றாலும் நாம் ஆடுவது ஆவிகளாகத்தான், தீவின் மக்களான டஹான்களாக அல்ல. சூறையாடலுக்குப்பின் உயிரோடு எஞ்சும் டஹான்கள் திருப்பி அடிப்பார்கள். அதற்கு மேல், ஆவிகளின் ஆற்றல் துணையின்றி அவர்கள் தாமாக எதையும் தொடங்குவதில்லை. காலனிக்கு எதிரான ஆட்டத்திலும் காலனிக்கு உட்பட்டவன் மரக்காயாகவே நிற்கிறான்.

எதிர் உதாரணம் கோல் வெர்லியின் 'ஜான் கம்பெனி' (2017, திருத்திய பதிப்பு 2022). ஆட்டக்காரர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியில் தம் பிள்ளைகளுக்குப் பதவி தேடும் ஆங்கிலக் குடும்பங்கள். தலைவர், கப்பல் மேலாளர், வங்காளம், பம்பாய், மதராஸ் மாகாணத் தலைவர்கள் என்று பதவிகளைப் பங்கிட்டுக் கம்பெனியைச் சேர்ந்து நடத்த வேண்டும். கம்பெனி விழுந்தால் எல்லோருக்கும் இழப்பு. அதேநேரம் வெற்றி, யார் நல்ல மாளிகையோடும் மரியாதையோடும் ஓய்வுபெறுகிறார்கள் என்பதில். இது பாதிக் கூட்டாட்டம். கூட்டுழைப்பு தன்னளவில் நற்குணம் அல்ல, கொள்ளையும் கூட்டுழைப்புதான் என்று குத்திக்காட்டும் நையாண்டி.

இங்கே சீட்டாகவும் பகடையாகவும் ஆனவர்கள் யார்? இந்தியர்கள். கம்பெனி பிடித்த நிலத்தில் கிளர்ச்சி மூள்வது நிகழ்வுச் சீட்டைப் பொறுத்தது. 1799இன் பாளையக்காரர் போரும் 1806இன் வேலூர்ப் புரட்சியும் போன்றவை இந்தக் கணக்கில் கம்பெனிக்கு நேரும் இடர்கள், வானிலைபோல. ஆட்சியாளரின் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது என்று காட்டுவதே நோக்கம் எனலாம். அந்தக் குருட்டுத்தன்மையை ஆடுபவர் உணர்ந்தால் நையாண்டி வென்றது. உணராவிட்டால் அவர் இரண்டு மணி நேரம் மதராஸைக் கம்பெனிக் கணக்குப் பிள்ளையாகவே பார்த்துவிட்டு எழுந்துபோவார்.

6. குற்றவாளி இல்லாத குற்றம்

காலநிலை நெருக்கடி பற்றி லீகாக்கும் மத்தேயோ மெனாபாச்சேயும் உருவாக்கி 2023இல் வெளிவந்த 'டேபிரேக்', 2024இல் ஜெர்மனியின் கென்னர்ஷ்பீல் விருதைப் பெற்றது. நான்கு இருக்கைகள்: அமெரிக்கா, ஐரோப்பா, சீனா, 'பெரும்பான்மை உலகம்'. இந்தியாவுக்கு இடம் கடைசி இருக்கைக்குள்தான். புவியின் வெப்பம் 2 டிகிரி கூடுவதற்குள், வெளியாகும் கார்பனைவிட உறிஞ்சப்படும் கார்பன் அதிகமாக வேண்டும். கையில் தீர்வுகள் நிறைய வருகின்றன, மேசையில் நம்பிக்கை பிறக்கிறது. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆயினும் எண்ணெய் நிறுவனத்துக்கு அங்கே ஓர் இருக்கையும் இல்லை. கூட்டாகத் தோற்பதில் யாருக்கும் லாபமில்லை என்பது கூட்டாட்டத்தின் அடிப்படை விதி. உண்மை உலகில் அந்தத் தோல்வியில் லாபம் பார்ப்பவர்கள் உண்டு. அவர்களை விட்டுவிட்டால் அரசியல் பொறியியலாகிவிடுகிறது.

7. மறுப்பும் முடிவும்

எதிரிக்கும் நாற்காலி போட்டுவிடலாமே என்று கேட்கலாம். பிரெண்டா ரொமேரோவின் 'டிரெயின்' (2009) ஒரு வகையில் அதைச் செய்தது. மஞ்சள் காய்களை ரயில்பெட்டியில் அடைத்து ஊர் சேர்க்கப் போட்டியிடுபவர்களுக்கு, சேருமிடம் ஆஷ்விட்ஸ் என்பது இறுதியில்தான் தெரியும். அது ஒருமுறை சுடும் நெருப்பு. உண்மை தெரிந்தபின் அதை மறுபடி விளையாட்டாக ஆட முடியாது. வீட்டில், வகுப்பறையில் பலமுறை ஆட வேண்டிய பெட்டிகளுக்கு அது வழியாகாது. அடிமை பிடிப்பவனாக ஆடி வெல்லும் பழக்கத்தை ஒரு பிள்ளைக்குத் தர வேண்டிய அவசியமும் இல்லை.

ஆகவே என் முடிவு இது. கொடுமையைச் சீட்டாக்குவதில் தவறில்லை. 'ஸ்பிரிட் ஐலண்ட்' காட்டுவதுபோல, கொடுமை ஓர் அமைப்பு என்று சொல்ல அது நல்ல வழியும்கூட. ஆனால் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். அந்தச் சீட்டின் பின்னால் லாபமடைந்தவர் யார் என்பது தெரிய வேண்டும். 'லே புவாலு'வும் 'டேபிரேக்'கும் தவறுவது இதில். கொடுமைக்கு ஆளானவர் காயாகச் சுருங்கக் கூடாது. 'ஃப்ரீடம்' தவறுவது இதில். இரண்டாவது தவறே பெரிது. மனிதரைச் சரக்காக எண்ணியதுதான் அடிமைமுறையின் கணக்கு. அதை எதிர்க்கும் ஆட்டமும் கட்டைகளாகவே எண்ணினால், கணக்குப் புத்தகம் கை மாறியிருக்கிறது, கணக்கு மாறவில்லை.

1850இல் பிலடெல்பியாவிலுள்ள அடிமை ஒழிப்பு அலுவலகத்துக்கு அலபாமாவிலிருந்து ஒருவர் வந்தார். உழைத்துச் சேர்த்த பணத்தால் தன்னையே மீட்டுக்கொண்டு, சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிரிந்த தாயைத் தேடி வந்தவர். எழுத்தர் வில்லியம் ஸ்டில், பெற்றோர் பெயரைக் கேட்டார். வந்தவர் சொன்ன பெயர்கள் ஸ்டில்லுடைய பெற்றோரின் பெயர்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் தான் ஒருபோதும் கண்டிராத அண்ணன் பீட்டர். தன் அலுவலகத்தைக் கடந்து போனவர்களின் பெயரையும் கதையையும் ஸ்டில் தொடர்ந்து எழுதிவைத்தார். ஒருநாள் உறவுகள் ஒன்றையொன்று கண்டுகொள்ள அது உதவும் என்பது அவர் எண்ணம். 1872இல் அது நூலாக வந்தது. 'ஃப்ரீடம்' பெட்டியிலுள்ள மரக்கட்டைகளில் ஒன்றுக்கும் பெயர் இல்லை.